ஆண்டறிக்கை: ஹட்டன் நிலையத்தடித் தெருவும் நமது தெருச் சங்கத்தின் யாப்பு விதிகளும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, அங்கத்தவர்களே, வணக்கம்.

வழமையான அலுவல்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். நிர்வாகக் குழு மாதந்தோறும் கூடியது. மழைக்கு முன் சிரமதானம் செய்து வடிகான்களைத் துப்புரவாக்கினோம். மரண உதவிநிதி தவறாமல் வழங்கப்பட்டது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இவ்வாண்டின் பெரிய வேலை, தெருவின் பழைய படங்களையும் கடைகளில் கடன் எழுதிவைத்த பற்றுக் கொப்பிகளையும் திரட்டியதுதான். நாவலப்பிட்டியோடு நின்றிருந்த ரயில் பாதை 1884இல் ஹட்டனை எட்டியபின் வளர்ந்த தெரு இது. கோப்பி நோயில் அழிந்து தேயிலை பரவிக்கொண்டிருந்த காலம் அது. தேயிலைப் பெட்டிகள் இங்கிருந்து கொழும்புக்கு இறங்கின. அரிசி மூட்டைகள் மேலே ஏறின. சம்பள நாளில் தோட்டமே திரண்டு கடைவாசலில் நிற்கும். கொப்பிகளில் பலருக்குத் தோட்டத்தின் பெயரும், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் இலக்கமுமே முகவரி.

இலங்கையும் இந்தியாவும் 1964இல் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில், இங்கிருந்த இந்திய வம்சாவளி மக்களில் 525,000 பேரை ஏற்க இந்தியா இணங்கியது. நம் மக்கள் தகரப் பெட்டிகளோடு இந்த ரயில் மேடையில்தான் ரயிலேறி, இந்தியாவுக்குக் கப்பல் பிடிக்கத் தலைமன்னாருக்குப் புறப்பட்டார்கள். ஒரு கொப்பியில், வரவேண்டிய தொகையைக் குறுக்கே அடித்துவிட்டு, 'ஊருக்குப் போய்விட்டார்' என்று கடைக்காரர் எழுதியிருக்கிறார். அடுத்த பக்கத்திலும் அதே வரி. அதற்குமேல் புரட்ட மனம் வராமல் மூடிவைத்தேன்.

அந்தப் பலசரக்குக் கடைகள் இருந்த இடங்களில் இப்போது கைபேசிக் கடைகளும் அடகு நிலையங்களும் இருக்கின்றன. மாடிகளில் தனியார் வகுப்புகள். சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் நடக்கும் டிசம்பர் முதல் வெசாக் வரைதான் தெரு பழையபடி இரவிலும் விழித்திருக்கிறது. பிள்ளைகளின் படிப்புக்காகத் தோட்டங்களிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கும் குடும்பங்களை இன்று வீட்டுக்கு வீடு காணலாம்.

நமது யாப்போ சொந்த வீடு அல்லது கடை உள்ளவர்களுக்கே உறுப்புரிமை தருகிறது. சிரமதானத்துக்கு மண்வெட்டியோடு முதலில் வந்தவர்கள் வாடகைக்கு இருப்பவர்கள். அன்று ஒரு தாய் என்னிடம், "எங்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் உங்கள் நிதி கிடைக்குமா, ஐயா?" என்று கேட்டார். கிடைக்காது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. திரட்டிய படங்களில் கடைவாசலில் நிற்கும் நம் தாத்தாமார்களும் வாடகைக்கு வந்தவர்களே.

ஆகவே, ஆறு மாதம் குடியிருந்து சந்தா செலுத்தும் எவரும் அங்கத்தவராகலாம் என்ற யாப்புத் திருத்தப் பிரேரணையைச் சபைமுன் வைக்கிறேன். இன்றே வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்