தேய்த்த பிறகே குளோரின்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"குளோரின் ஊற்றினால் போதாதா? எதற்கு இவ்வளவு நேரம் தேய்க்கிறீர்கள்?" தண்ணீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய வரும் எங்கள் பணியாளர்களிடம் பலரும் இப்படிக் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறோம்.

தொட்டியின் உட்சுவரைத் தடவினால் வழுவழுவென்றிருக்கிறதே, அது வெறும் அழுக்கு அல்ல. பாக்டீரியாக்கள் கூடி வாழும் உயிர்ப்படலம். தண்ணீரில் தனியே மிதந்துவரும் பாக்டீரியா முதலில் சுவரில் இலேசாகத்தான் ஒட்டும். நிலைத்துவிட்டாலோ, சர்க்கரைச் சங்கிலிகளும் புரதமும் டிஎன்ஏவும் கலந்த பசையைச் சுரந்து, அதற்குள்ளேயே பெருகத் தொடங்கிவிடும். வேறு இனங்களும் வந்து சேரும். சத்து உள்ளே போகவும் கழிவு வெளியேறவும் பசைக்கு நடுவே நீர்வழிகள்கூட உண்டு.

இந்தப் பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லிக்கொள்வதுதான் எங்களை மிகவும் வியக்க வைக்கிறது. ஒவ்வொன்றும் நுண்ணிய வேதிப்பொருளை வெளியிடுகிறது. கூட்டம் பெருகி அதன் செறிவு ஓரளவைத் தாண்டியதும் எல்லாம் சேர்ந்தே நடத்தையை மாற்றிக்கொள்கின்றன. பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவின் படலத்தில் 2015இல் ஆய்வாளர்கள் கண்டது இன்னும் விந்தையானது. உள்ளே இருப்பவை பட்டினி கிடந்தால் பொட்டாசியம் அயனிகளின் வழியே மின்சமிக்ஞை பரவுகிறது. விளிம்பில் இருப்பவை வளர்ச்சியைச் சற்றே குறைத்துக்கொள்ள, உணவு உள்ளே இருப்பவற்றுக்கும் போய்ச் சேர்கிறது.

இத்தகைய கூட்டத்தின் மேல் குளோரினை ஊற்றினால், மேலடுக்கோடு வினைபுரிந்தே பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. அடியில் இருப்பவை பிழைத்து, மறுபடியும் படலத்தை வளர்க்கின்றன. பல்லில் படியும் படலத்தை நுண்ணோக்கியில் பார்த்த டச்சு ஆய்வாளர் லேவன்ஹூக் 1680களிலேயே இதைக் கவனித்தார்: வினிகர் வெளிப்புறத்து உயிர்களை மட்டுமே கொன்றது.

படலத்தில் வாழ்பவை எல்லாமே தீங்கானவை அல்ல. ஆனால் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா போன்ற கிருமிகளும் அதில் தஞ்சம் புகும். அதனால்தான் தண்ணீரை வடித்து, தூரிகையால் தேய்த்துப் படலத்தைப் பெயர்த்து, கழுவி வெளியேற்றிய பிறகே குளோரின் இடுகிறோம். மூலைகளுக்கும் குழாய் வாய்களுக்கும் கூடுதல் நேரம் பிடிக்கும். அதை மட்டும் குறைக்கச் சொல்லாதீர்கள்.

படலம் காலப்போக்கில் திரும்ப உருவாகத்தான் செய்யும். நிரந்தரமாக ஒழித்துத் தருவதாக நாங்கள் வாக்களிப்பதில்லை. தொட்டியை இறுக மூடி வையுங்கள். நாங்கள் வருவதற்கு முன்பே தண்ணீரைக் கூடியவரை பயன்படுத்தித் தீர்த்துவிட்டால், வீணாவதும் குறையும். தேய்க்கவும் நேரம் கிடைக்கும்.

இப்படிக்கு,
தொட்டி சுத்திகரிப்புக் குழுவினர்