வீட்டுப்பாடம் டைரிக்குத் திரும்பட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிள்ளைகளைக் கைப்பேசிக்குப் பழக்கியவர்கள் பெற்றோரே என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. யூடியூபைக் காட்டிச் சோறு ஊட்டிய தவற்றை நானும் செய்திருக்கிறேன். அதைத் திருத்திக்கொள்ளவே, இரவு ஏழு மணிக்குமேல் எங்கள் இருவருடையதும் உட்பட எல்லாக் கைப்பேசிகளும் கூடத்து அலமாரிக்குப் போய்விட வேண்டும் என்று கடந்த ஆண்டு வீட்டில் முடிவுசெய்தோம். இரண்டு வாரம் அழுகையும் அடமுமாக இருந்த பிள்ளைகள் பிறகு பழகிக்கொண்டார்கள்.

அந்தக் கட்டுப்பாட்டை இன்று குலைப்பது பள்ளியிலிருந்து வரும் வாட்ஸ்அப் செய்திதான். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது வேறு வழியின்றித் தொடங்கிய வகுப்புக் குழுக்கள், பள்ளிகள் திறந்து பல ஆண்டுகள் ஆகியும் அப்படியே தொடர்கின்றன. ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு வீட்டுப்பாடம் இரவு எட்டு மணிக்கு வருகிறது. சில நாள்களில் ஒன்பதும் ஆகிவிடுகிறது. அதைப் பார்த்து எழுதக் கைப்பேசியை வாங்குபவள், எழுதி முடிப்பதற்குள் நாலைந்து ரீல்ஸையாவது பார்த்துவிடுகிறாள். பன்னிரண்டு வயதுக் குழந்தையை அதற்காகக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளின் கைப்பேசிப் பயன்பாட்டைப் பெற்றோர் கட்டுப்படுத்த உதவும் கூகுளின் ஃபேமிலி லிங்க் போன்ற செயலிகள் பிள்ளைக்கென்று தனிக் கருவியும் கணக்கும் உள்ள வீடுகளுக்கு உதவலாம்; தாயும் மகளும் ஒரே கைப்பேசியை மாறி மாறி வைத்துக்கொள்ளும் எங்களைப் போன்ற வீடுகளுக்கு அவற்றால் பெரிய பயன் இல்லை. வீட்டிலுள்ள ஒரே ஸ்மார்ட்போனைத் தந்தை வேலைக்கு எடுத்துச் செல்லும் குடும்பங்களின் நிலை இன்னும் மோசம்: அவர் திரும்பும்வரை பிள்ளை உறங்காமல் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதை ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் தடுத்திருப்பதைச் சுட்டிக்காட்டி, இங்கும் அப்படியொரு சட்டம் வேண்டும் எனப் பலர் கேட்கிறார்கள். நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால், கைப்பேசி வழியே வீட்டுப்பாடம் அனுப்பும் வழக்கத்தை நிறுத்தச் சட்டம் எதுவும் தேவையில்லை.

இதற்காக ஆசிரியர்களை நான் குறைகூறவில்லை. இரவிலும் அந்தக் குழுக்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் அவர்களுக்கும் குடும்பம் உண்டு. கடைசிப் பாடவேளையில் வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதி, மாணவர்கள் டைரியில் குறித்துக்கொள்ளச் செய்தால் போதும். மழை விடுமுறை போன்ற அவசர அறிவிப்புகளுக்கு மட்டும் வாட்ஸ்அப் குழுவைப் பயன்படுத்துமாறு அரசு, தனியார் பள்ளிகள் அனைத்துக்கும் பள்ளிக் கல்வித்துறை வரும் கல்வியாண்டுத் தொடக்கத்திலேயே சுற்றறிக்கை அனுப்ப வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
மன்னார்குடி.