சாடியில் மஞ்சளும் விளையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சாடித் தோட்டம் பற்றி யார் எழுதினாலும் மிளகாய், தக்காளி, கத்தரியோடு நிறுத்திவிடுகிறார்கள். இலவசமாக நாற்றுத் தர வருபவர்களும் அவற்றையேதான் தருகிறார்கள். கல்லடியில் எங்கள் வளவு ஆறு பேர்ச். வீடு போக மிஞ்சுவது கடல் மணல். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடித்தால் தக்காளிப் பூ தங்காது, கிணற்றுத் தண்ணீரும் உவர்க்கும். மூன்று வருடம் அந்த நாற்றுகள் கருகக் கண்டவள் நான்.

2020இல் மஞ்சள் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது ஐம்பது கிராம் வாங்க எத்தனை கடை ஏறி இறங்கினோம்! அடுத்த சித்திரையில் குருநாகலிலிருந்து வந்த மருமகன் ஐந்தாறு விரல் பச்சை மஞ்சள் கொண்டுவந்தார். கறிக்குப் போட மனம் வரவில்லை, நட்டேன். ஒரு பெயின்ற் வாளி, இரண்டு பசளைப் பை. அடியில் துளையிட்டு, மணலோடு மாட்டெருவும் தென்னந் தும்புச்சோறும் கலந்து, மதிலோரம் மாமர நிழலில் கல்லின்மேல் வைத்தேன். ஒரு மாதமாகியும் முளையைக் காணோம். அழுகிவிட்டதாக நினைத்து ஒரு பையைக் கிண்டினேன். கிழங்கின் நுனியில் வெள்ளையாய், ஊசி முனைபோல் முளை நின்றது. அப்படியே மண்ணை மூடிவிட்டேன்.

மஞ்சளுக்குப் பாதி நிழல் போதும். ஆனால் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும். கார்த்திகை மழையில் ஒரு பையின் துளை அடைபட்டதைக் கவனிக்காமல் அந்தப் பையை முழுதாக இழந்தேன். வாளியின் ஓரத்தில் வெள்ளையாய்ப் படிந்திருந்த உப்பு அதே மழையில்தான் கழுவுண்டு போனது. உவர்க் கிணறு உள்ளவர்கள் கூரைப் பீலியில் விழும் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து இடைக்கிடை ஊற்றுங்கள்.

தையில் இலை பழுத்துச் சாய்ந்ததும் வாளியைக் கவிழ்த்தேன். மணலை உதறும்போதே கை முழுக்க வாசம். வாளியிலும் மிஞ்சிய பையிலுமாக ஒன்றே முக்கால் கிலோ. விதைக்குக் கொஞ்சம் எடுத்துவைத்து, மற்றதை அவித்துக் காயவைத்து இடித்தேன். இப்போது பதினொரு பை இருக்கிறது. அதே நிழலில், உடைந்த பேசின் ஒன்றில் வல்லாரை. கிழமைக்கு ஒரு சம்பலுக்குக் காணும்.

நாற்றுத் தருபவர்கள் மணல் வளவுக்காரருக்குச் சித்திரைக்கு முன்னரே விதை மஞ்சளும் இஞ்சியும் தரவேண்டும். உங்கள் தோட்டப் பகுதியிலும் இவற்றைப் பற்றி எழுதுங்கள். அயலில் கேட்பவர்களுக்கு இந்தத் தையில் என்னிடமிருந்து இரண்டிரண்டு விரல் கிடைக்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கல்லடி, மட்டக்களப்பு.