முப்பது புள்ளி சரி, எத்தனை முயற்சியில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் என்பிஏ லீக்கின் கூடைப்பந்து ஜாம்பவான்களை ஒப்பிட்டுப் பத்திரிகைகள் அட்டவணை போடும்போது பெரும்பாலும் மூன்று விவரங்கள்தான் இருக்கும்: ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி, எத்தனை எம்விபி (மிக மதிப்புமிக்க வீரர்) விருது, எத்தனை கோப்பை. இவற்றை மட்டும் வைத்துக்கொண்டால் ஏற்கெனவே பெயர் பெற்றவர்கள்தான் மறுபடியும் மேலே வருவார்கள். அட்ரியன் டான்ட்லி, மோசஸ் மலோன் போன்றவர்கள் எந்த இடத்தில் நழுவிப் போகிறார்கள் என்பதைக் கணக்கோடு சொல்லவே இந்தக் கடிதம்.

டாமினிக் வில்கின்ஸ் 1985-86 சீசனில் அட்லான்டாவுக்காக 78 ஆட்டங்களில் 2,366 புள்ளிகள் எடுத்தார். சராசரி 30.3. டான்ட்லி 1983-84-ல் யூட்டாவுக்காக 79 ஆட்டங்களில் 2,418 புள்ளிகள், சராசரி 30.6. அந்தந்த ஆண்டில் லீக்கிலேயே முதலிடம் இருவருக்கும்தான். புள்ளிச் சராசரியை மட்டும் பார்த்தால் இவர்களுக்குள் பேதமே இல்லை.

இப்போது முயற்சிகளை எண்ணிப் பாருங்கள். கூடையை நோக்கி எறிந்த ஷாட்களோடு, ஃப்ரீ த்ரோ (எதிரணியின் ஃபவுலுக்காகத் தடுப்பார் இல்லாமல் எறியக் கிடைக்கும் பந்து) எண்ணிக்கையை 0.44-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். வில்கின்ஸ் 1,897 ஷாட், 705 ஃப்ரீ த்ரோ. ஆக 2,207 முயற்சி. டான்ட்லி 1,438 ஷாட், 946 ஃப்ரீ த்ரோ, ஆக 1,854. புள்ளிகளை இந்த எண்ணின் இரு மடங்கால் வகுத்தால் வில்கின்ஸுக்கு 53.6 சதவீதம், டான்ட்லிக்கு 65.2. அதாவது 52 புள்ளி கூடுதலாக எடுத்தும் டான்ட்லி செலவழித்தது 353 முயற்சி குறைவு. ஓர் ஆட்டத்துக்கு நாலரை வாய்ப்பு சக வீரர்களுக்கு மிச்சம்.

அது ஏன் 0.44 என்று கேட்பவர்கள் உண்டு. ஃபவுலுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ என்றால் ஒன்றின் மதிப்பு அரை முயற்சிதானே? ஆனால் ஷாட் கூடையில் விழுந்த பிறகு கிடைக்கும் கூடுதல் ஃப்ரீ த்ரோவும், டெக்னிக்கல் ஃபவுலுக்கான ஃப்ரீ த்ரோவும் தனி முயற்சியைத் தின்பதில்லை. அதனால்தான் 0.5-ஐவிடச் சற்றுக் குறைவு. வெறும் ஷாட் சதவீதத்தைப் பார்ப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, டான்ட்லியின் 813 ஃப்ரீ த்ரோ புள்ளிகளைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுவது. இன்னொரு எச்சரிக்கை: ஆட்டத்துக்கு ஐந்தாறு முறை கூடைக்கு அடியில் நின்று பந்தைப் போடும் சென்டருக்கும் இந்தச் சதவீதம் உயர்வாகத்தான் வரும். சுமை சமமாக உள்ள இருவரை ஒப்பிடவே இது உதவும்.

வில்கின்ஸின் டங்க்குகள் (எம்பிப் பந்தைக் கூடைக்குள் திணிப்பது) இன்றும் வீடியோவில் சுற்றுகின்றன. 6 அடி 5 அங்குல உயரத்தில், தன்னைவிட உயரமானவர்களை ஏமாற்றித் துள்ள வைத்து ஃபவுல் வாங்கும் டான்ட்லியின் கலையை யார் வீடியோ போடுவார்கள்? அவருடைய எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டத்தை மந்தமாக்குகிறார் என்பது அக்காலத்திலேயே எழுந்த குறை. 1989 பிப்ரவரியில், அப்போது அவர் ஆடிய டெட்ராய்ட் அணி அவரைக் கொடுத்து மார்க் அகுவைரை வாங்கியது. அதே ஆண்டு கோப்பையும் வென்றது. அந்த நிழல் அவர்மேல் விழுந்தே கிடக்கிறது. 2021-ல் வெளியான, சிறந்த வீரர்களின் என்பிஏ 75-ஆம் ஆண்டுப் பட்டியலில் வில்கின்ஸ் இருக்கிறார், டான்ட்லி இல்லை.

மலோன் கதை வேறு. பட்டியல்களில் அவர் இருக்கிறார், பேச்சில்தான் இல்லை. 1979, 1982, 1983 என மூன்று எம்விபி. பெரும் நட்சத்திரங்களான லாரி பேர்டுக்கும் மேஜிக் ஜான்சனுக்கும் அதே மூன்றுதான். ஆனால் மலோன் ஊர் ஊராக அணி மாறியவர். எந்த நகரமும் அவரைத் தன் பிள்ளை என்று கொண்டாடவில்லை.

அவருடைய ரீபவுண்டைத்தான் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது) சரியாக எடை போட வேண்டும். வில்ட் சேம்பர்லின் 1961-62-ல் ஆட்டத்துக்கு 25.7 ரீபவுண்ட், மலோன் 1978-79-ல் 17.6. எட்டு ரீபவுண்ட் வித்தியாசம் மலை மாதிரி தெரியும். ஆனால் 1961-62-ல் ஓர் அணி ஆட்டத்துக்கு நூறுக்கு மேல் ஷாட் எறிந்தது, அதில் பாதிக்கு மேல் தவறியது. இரு அணிகளுக்குமாக ஏறக்குறைய 142 ரீபவுண்ட் கிடைத்தன. மலோன் காலத்தில் அது ஏறக்குறைய 90. ஆடிய நிமிடங்களையும் சேர்க்க வேண்டும்: ஓவர்டைம்களால் சேம்பர்லினுக்கு 48 நிமிட ஆட்டத்தில் சராசரி 48.5, மலோனுக்கு 41.3. களத்தில் இருந்த நேரத்தில் கிடைக்கக்கூடிய ரீபவுண்ட்களில் சேம்பர்லின் எடுத்த பங்கு சுமார் 18 சதவீதம், மலோன் எடுத்தது 22-23 சதவீதம். லீக் சராசரியை வைத்துப் போட்ட கணக்கு என்பதால் ஓரிரு சதவீதம் அங்குமிங்கும் நகரலாம், வரிசை மாறாது. சேம்பர்லின் உட்காரவே இல்லை என்பதற்கு மதிப்புத் தர வேண்டும்தான். ஆனால் மலோன் அந்தச் சீசனில் எடுத்தவற்றில் 587 தன் அணி தவறவிட்ட பந்துகள், அதாவது அணிக்கு 587 புதிய வாய்ப்புகள். அந்தச் சாதனை இன்னும் நிற்கிறது. 1983 ஃபைனல்ஸின் நான்கு ஆட்டங்களில் லேக்கர்ஸின் கரீம் அப்துல் ஜப்பாரை அவர் ரீபவுண்டில் 72-க்கு 30 என்று மிஞ்சினார். மலோனின் ஃபிலடெல்ஃபியா லேக்கர்ஸை நான்கிலும் வென்றது.

இதே கணக்கு எல்லோரையும் தூக்கிவிடும் என்று நினைக்க வேண்டாம். 1980-களின் பத்தாண்டில் மிக அதிகப் புள்ளி எடுத்தவர் பேர்டோ மேஜிக்கோ அல்ல, டென்வரின் அலெக்ஸ் இங்கிலிஷ். ஆனால் 1981-82-ல் டென்வர் ஆட்டத்துக்கு 126.5 புள்ளி எடுத்தது, 126.0 விட்டுக்கொடுத்தது. அவ்வளவு வேகமாக ஓடும் அணியில் எல்லோருடைய எண்ணும் உப்பும். ஆட்ட வேகத்தைச் சரிசெய்தால் இங்கிலிஷ் கொஞ்சம் இறங்குவார். இறங்கினாலும் அந்த 75-ஆம் ஆண்டுப் பட்டியலில் இடமில்லாத அளவுக்கு அல்ல என்பது என் கருத்து.

விருதுகளின் வயதையும் பார்க்க வேண்டும். ஃபைனல்ஸ் எம்விபி தொடங்கியதே 1969-ல். அதனால்தான் 11 கோப்பை வென்ற பில் ரஸலிடம் அந்த விருது ஒன்றுகூட இல்லை. இப்போது விருதுக்கே அவர் பெயர்! சிறந்த தற்காப்பு வீரர் விருது 1982-83-ல்தான் வந்தது, முதலில் பெற்றவர் சிட்னி மான்கிரிஃப். அதற்கு முன் ஆடியவர்களுக்கு அது இல்லை என்று மதிப்பெண் குறைப்பது நியாயமா?

பிளாக் (எதிரணி ஷாட்டைத் தட்டித் தடுப்பது), ஸ்டீல் (பந்தைப் பறிப்பது) இரண்டையும் என்பிஏ 1973-74 முதல்தான் எண்ணியது. நேட் தர்மண்ட் 1974 அக்டோபரில் ஒரே ஆட்டத்தில் 22 புள்ளி, 14 ரீபவுண்ட், 13 அசிஸ்ட் (சக வீரர் கூடை போட உதவிய பாஸ்), 12 பிளாக் எடுத்து லீக்கின் முதல் குவாட்ரபிள் டபுளை (நான்கிலும் இரட்டை இலக்கம்) பதிந்தபோது அவருக்கு வயது 33. அவர் உச்சத்தில் இருந்த பத்தாண்டின் பிளாக்குகள் எந்த ஏட்டிலும் இல்லை. ஆகவே இத்தகைய அட்டவணையை உங்கள் பத்திரிகை வெளியிடும்போது முயற்சிக் கணக்கையும் ரீபவுண்ட் பங்கையும் சேர்க்க வேண்டுகிறேன். 1973-க்கு முந்தைய வீரர்களின் பிளாக் கட்டத்தில் பூஜ்யம் போடாமல் ஒரு கோடு போட்டுவிடுங்கள், போதும்.

இப்படிக்கு,
ஒரு கூடைப்பந்து வாசகர்