ஆனி மாதத்தில் தார் போடாதீர்கள்: நேபாளச் சாலைத் துறைக்கு ஒரு திறந்த மடல்

நேபாள அரசின் உள்கட்டமைப்பு, போக்குவரத்து அமைச்சகத்துக்கும், சாலைத் துறைக்கும், நாட்டின் 753 உள்ளாட்சி மன்றங்களின் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

தமிழில் எழுதிய மடல் உங்கள் மேசை வரை வந்து சேருமா என்பது எனக்கும் சந்தேகம்தான். ஆனாலும் எழுதக் காரணம் உண்டு. உங்கள் முக்திநாத் எங்களுக்குச் சாளக்கிராமம்; ஆழ்வார்கள் பாடிய திவ்ய தேசங்களில் ஒன்று. ஆண்டுதோறும் தமிழ்நாட்டிலிருந்து வயதானவர்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி, எல்லை தாண்டி, பொக்ரா போய், காளி கண்டகி ஆற்றோரமாகவே பேனி, ஜோம்சோம் என்று பேருந்திலும் ஜீப்பிலும் குலுங்கிக்கொண்டு மேலே ஏறுகிறார்கள். 2024 ஆகஸ்டில் பொக்ராவிலிருந்து காத்மாண்டு நோக்கி வந்த ஓர் இந்தியப் பேருந்து மர்ஸ்யாங்தி ஆற்றங்கரையில் உருண்டு விழுந்து 27 பேர் இறந்தார்கள். மகாராஷ்டிரத்திலிருந்து யாத்திரை வந்தவர்கள். அந்தப் பேருந்தில் எங்கள் ஊர்க்காரர்களும் இருந்திருக்கலாம். அது போக, நான் மலைச்சாலைப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சாலை போடுகிறவர்களை விட, போட்ட சாலையைக் காப்பாற்றுகிறவர்கள் பக்கம் நிற்கிற ஆள். என் பேச்சில் அந்தச் சாய்வு இருக்கும்.

முதலில், நீங்கள் செய்து முடித்தது சின்ன வேலை இல்லை. 1950-களின் நடுப்பகுதி வரை காத்மாண்டுப் பள்ளத்தாக்குக்கு வெளியிலிருந்து வண்டி வரும் சாலையே கிடையாது. அன்று நாட்டை ஆண்ட ராணாக்களின் மோட்டார் கார்களை மூங்கில் கழிகளில் கட்டி, சுமைகூலிகள் பல பேர் தோளில் தூக்கிக்கொண்டு மலை ஏறினார்கள். 1956-ல் இந்தியாவின் உதவியோடு திரிபுவன் ராஜபாதை முடிந்தது. அப்புறம் வடக்கு எல்லையில் உள்ள கோதாரிக்குச் சீனாவின் சாலை. தெற்குச் சமவெளியில் கிழக்கு மேற்காக ஓடும் 1028 கிலோமீட்டர் மகேந்திரா நெடுஞ்சாலையை, பனிப்போர்க் காலத்தில் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்த நாடுகளிடமெல்லாம் ஆளுக்கொரு துண்டு என்று வாங்கிப் போட்டு முடித்தீர்கள். சோவியத் ஒரு துண்டு, பிரிட்டன் ஒரு துண்டு, இந்தியா சில துண்டுகள். கடற்கரை இல்லாத ஒரு நாடு இப்படிச் சாமர்த்தியமாகச் சாலை சேர்த்த கதையை எங்கள் ஊர்ப் பொறியியல் கல்லூரிகளில் பாடமாகவே வைக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2015 அரசியலமைப்புக்குப் பிறகு, 2017 தேர்தல் வழியாக, பணமும் அதிகாரமும் உள்ளாட்சிகளுக்கு வந்தன. நல்லதுதான். ஆனால் வாக்காளரிடம் காட்டச் சுலபமான வேலை எது என்று பார்த்தால், வாடகைக்கு ஒரு டோசரைக் கொண்டுவந்து மலையைச் சீவி ஒரு பாதை திறப்பதுதான். இயந்திரத்துக்குச் சொந்தக்காரரே உள்ளூர்த் தலைவராகவும் இருக்கிற கதைகளை உங்கள் பத்திரிகைகளே எழுதுகின்றன. நில அளவை கிடையாது, வடிகால் கிடையாது, தடுப்புச்சுவர் கிடையாது. வெட்டிய மண்ணை அப்படியே சரிவில் தள்ளிவிடுவார்கள். திறப்பு விழாவில் மாலை போட்டுக்கொண்டு முதல் ஜீப் போகும். ஜூன் பாதியில் மழை தொடங்கும். அத்தோடு சரி.

இதில் நடப்பது என்ன என்பது உங்கள் பொறியாளர்களுக்கு என்னை விட நன்றாகத் தெரியும். உள்ளாட்சித் தலைவர்களுக்காகச் சொல்கிறேன். இமயம் வயதில் இளைய மலை, இன்னும் உயர்ந்துகொண்டிருக்கிறது. தெற்கு ஓரத்துச் சுரே குன்றுகளின் மணற்கல் கையால் உதிர்க்கிற அளவுக்குப் பொடிப் பொடியாக இருக்கும். இப்படிப்பட்ட சரிவின் அடியை வெட்டினால் மேலே உள்ள மண்ணுக்குத் தாங்கல் போய்விடுகிறது. வெட்டிய மண்ணைக் கீழே தள்ளினால் கீழ்ச்சரிவில் பாரம் ஏறுகிறது. அது ஓடைகளை அடைக்கிறது. கீழே இருக்கிறவரின் மாடிப்படி வயலை மூடுகிறது. வடிகால் இல்லாததால் மழைநீர் வண்டிச்சக்கரத் தடத்திலேயே ஓடி, வளைவு வந்ததும் ஓரிடத்தில் மொத்தமாகக் கொட்டுகிறது. ஆண்டு மழையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நான்கே மாதத்தில் விழுகிற நாட்டில், அந்த ஒரு வளைவு போதும், மலையே இறங்கிவர. மலைச்சாலை என்பது முக்கால்வாசி தண்ணீர் வேலை; தார் கால்வாசிதான்.

இதற்கு வெளிநாட்டு நிபுணரைக் கூப்பிட வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. காத்மாண்டையும் பொக்ராவையும் இணைக்கும் பிரித்வி நெடுஞ்சாலையில் கிருஷ்ணபீர் என்ற இடம் 2000-ஆம் ஆண்டு மழையில் சரிந்து, தலைநகருக்குப் போகும் வழியை நாட்கணக்கில் அடைத்துப்போட்டது. அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் அந்தப் பெயரைக் கேட்டாலே லாரிக்காரர்களுக்குக் கிலிதான். அந்தச் சரிவை அடக்கியது பிரம்மாண்டமான கான்கிரீட் சுவர் ஒன்றும் இல்லை. தண்ணீரை ஒழுங்குபடுத்தி, கம்பிவலைக் கல்கட்டு அடுக்கி, புல்லும் செடியும் நட்டுத்தான் அடக்கினீர்கள். அம்ரிசோ புல், உத்திஸ் மரம், மூங்கில் என்று எந்தச் சரிவுக்கு எந்தச் செடி என்ற அறிவை உங்கள் சாலைத் துறை பல பத்தாண்டுகளாகச் சேர்த்து வைத்திருக்கிறது. அம்ரிசோ வேறு ஒன்றுமில்லை, நாங்கள் வீட்டுக்கு வீடு வாங்கும் பூந்துடைப்பத்தின் புல். வேர் மண்ணைப் பிடிக்கும், தண்டை விற்றால் அந்த ஊர்ப் பெண்கள் கைக்குக் காசு வரும். அதற்கும் முன்னால் 1980-களில் முடிந்த ஜிரி சாலையும் தரான்–தன்குட்டா சாலையும் இருக்கின்றன. ஒன்று சுவிஸ் உதவி, இன்னொன்று பிரிட்டிஷ் உதவி. இரண்டிலும் வடிகாலுக்கும் சரிவுக்கும் கொடுத்த கவனத்தை இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். கைவேலையாக, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, வெட்டிய கல்லையே சுவராகக் கட்டிக்கொண்டு போகும் பசுமைச் சாலை முறையும் உங்கள் மலைகளில் வளர்ந்ததுதான். அதில் சாலை மெதுவாக வரும். ஆனால் நிற்கும்.

அறிவு இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள். பின்னே ஏன் இப்படி? எனக்குத் தெரிந்து பெரிய காரணம் உங்கள் நிதியாண்டு.

உங்கள் பட்ஜெட்டை ஜேஷ்ட மாதம் 15-ஆம் தேதி, அதாவது மே மாதக் கடைசியில், தாக்கல் செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதி வைத்திருக்கிறீர்கள். நிதியாண்டு சிராவணம் 1-ல், அதாவது ஜூலை நடுவில் தொடங்குகிறது. நல்ல ஏற்பாடு. ஆண்டு தொடங்கும்போதே பணம் கையில் இருக்கும், மழை ஓய்ந்து தசைன் பண்டிகை முடிந்ததும் வேலையில் இறங்கலாம் என்பதுதான் கணக்கு. ஆனால் நடப்பது வேறு. ஒப்பந்தப்புள்ளி கோருவதிலும் கோப்பு நகர்வதிலும் வறண்ட மாதங்கள் கரைந்துபோகின்றன. கடைசி மாதமான அசார் வந்ததும், பணம் திரும்பிப் போய்விடுமே என்று கொட்டுகிற மழையில் தார் போடுகிறார்கள். அசார் என்பது எங்கள் ஆனி மாதம். உங்கள் மக்களே இதற்கு ‘அசாரே விகாஸ்’, அதாவது அசார் மாத வளர்ச்சி, என்று பெயர் வைத்துக் கேலி செய்கிறார்கள். ஈரத்தில் போட்ட தாரை அடுத்த தசைனுக்குள் கையால் உரித்து எடுத்துவிடலாம்.

இதைச் சரிசெய்ய நாட்டையே புரட்டிப்போட வேண்டியதில்லை. மண்வேலை, தார்வேலை இரண்டுக்கும் சைத்ர மாத முடிவை, ஏப்ரல் நடுவை, கடைசி நாளாக வையுங்கள். அதற்குப் பின் செய்த வேலைக்குப் பில் கிடையாது என்று எழுதுங்கள். பணம் காலாவதி ஆகாமல் அடுத்த வறண்ட காலத்துக்கு நகர வழி செய்யுங்கள். பராமரிப்பை ஆண்டுக்கொரு ஒப்பந்தமாக விடாமல், ஒரே ஆளிடம் சில ஆண்டுகளுக்குக் கொடுத்து, சாலை திறந்திருந்த நாட்களைப் பார்த்துப் பணம் கொடுங்கள். அப்புறம் பாருங்கள், வடிகாலை யாரும் சொல்லாமலே ஒப்பந்தக்காரர் தூர்வாருவார். எரிபொருள் மீது வசூலிக்கும் தொகையைப் பராமரிப்புக்குக் கொண்டுபோகத்தான் 2002-ல் சாலை வாரியச் சட்டம் போட்டீர்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்காவது, இத்தனை கிலோமீட்டருக்கு ஓர் ஆள் என்று மண்வெட்டியோடு தினமும் நடந்து பார்க்கிற பணியாளருக்குப் போக வேண்டும். அடைத்துக்கிடக்கும் மதகை மழையின் முதல் நாளே பார்க்கிறவர் அவர்தான். எங்கள் துறையிலும் அந்த ஆளைத்தான் முதலில் குறைத்தார்கள்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. 2024 ஜூலை 12 விடியற்காலையில் நாராயண்காட்–முக்லிங் சாலையில் சிமல்தால் என்ற இடத்தில் ஒரு மண்சரிவு இரண்டு பேருந்துகளை அப்படியே திரிசூலி ஆற்றில் தள்ளியது. 60-க்கும் மேற்பட்டவர்கள் பயணம் செய்தார்கள். பலரது உடல்கூடக் கிடைக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் பெய்த பெருமழையில், காத்மாண்டு வாசலிலேயே ஜ்யாப்ளே கோலாவில், வழி அடைபட்டு வரிசையாக நின்ற வண்டிகள் மேல் மலை இறங்கியது. அங்கே 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

இரண்டாவது சம்பவத்தை நிதானமாக யோசித்துப் பாருங்கள். அந்த வண்டிகள் ஓடவில்லை, நின்றுகொண்டிருந்தன. மழை நேரத்தில் சாலையை மூடுவது மட்டும் போதாது. மூடிய பிறகு வண்டிகள் எங்கே நிற்பது என்பதையும் யாராவது முடிவு செய்திருக்க வேண்டும். சரிவுக்கடியில் இரவு முழுக்க நிற்க வைப்பதற்கு ஓடவிடுவதே மேல். மாவட்ட நிர்வாகம் இரவுப் பயணத்தைத் தடுக்கிற உத்தரவுகளைப் போடுகிறது, சரி. அதோடு, நெடுஞ்சாலை நெடுகப் பாறை உறுதியான இடங்களைப் பார்த்து, கழிப்பறையும் தேநீர்க்கடையும் உள்ள நிறுத்தங்களை இப்போதே குறித்து வையுங்கள். இவ்வளவு மில்லிமீட்டர் மழை பதிவானால் இந்த நிறுத்தத்துக்கு மேல் வண்டி போகக்கூடாது என்று சொல்கிற அதிகாரம், காத்மாண்டு தொலைபேசிக்குக் காத்திராமல், அந்தச் சாவடிக் காவலரிடமே இருக்கட்டும்.

ஒரே வழியை நம்பியிருப்பதன் ஆபத்தும் அந்த செப்டம்பரில் தெரிந்தது. ஜப்பான் உதவியில் 2015-ல் முடிந்த பி.பி. நெடுஞ்சாலை உங்கள் நாட்டிலேயே கவனமாகக் கட்டிய சாலைகளில் ஒன்று. அதையே ரோஷி ஆறு பல இடங்களில் அடித்துக்கொண்டு போய்விட்டது. வடக்கிலும் அதே கதை. 2015 நிலநடுக்கத்தில் கோதாரி வழி மூடியது. 2025 ஜூலையில் சீன எல்லையில் ரசுவாகடி பாலத்தையே வெள்ளம் கொண்டுபோனது. துறைமுகத்துக்குக் கொல்கத்தாவை நம்பியிருக்கிற நாட்டுக்கு மூடிய சாலை என்றால் என்ன என்று 2015-ல் இந்திய எல்லை முடங்கியபோது சமையல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற உங்கள் மக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பீகாரின் மோதிஹாரியிலிருந்து உங்கள் அம்லேக்கஞ்சுக்கு 2019-ல் வந்த எண்ணெய்க் குழாய், டேங்கர் லாரிகளைச் சாலையிலிருந்து இறக்கியது. சரக்கை மலையேற்றுவதற்கும் அந்த மாதிரி யோசனைதான் வேண்டும். ஒரு காலத்தில் ஹேட்டௌடாவிலிருந்து காத்மாண்டுக்குக் கம்பிவடத்தில் சரக்கு போனது. அதைக் கைவிட்டது அவசரமான முடிவு என்பது என் எண்ணம்.

காத்மாண்டைத் தெற்குச் சமவெளியோடு இணைக்க ராணுவத்திடம் 2017-ல் கொடுத்த விரைவுச் சாலையும், காத்மாண்டின் மேற்கு வாசலில் நாக்துங்கா சுரங்கச் சாலையும் வேண்டியவைதான். அவற்றைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். புதியவர்களை வழித்தடத்தில் வரவிடாத பேருந்து முதலாளிகளின் சிண்டிகேட்டில் 2018-ல் கைவைத்ததைப் பாராட்டுகிறேன். அதைப் பாதியில் விடாதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன். சொந்த நீர்மின்சாரத்தில் ஓடும் மின்சார வேன்கள் இப்போது மலைச்சாலைகளில் பெருகுவதும் நல்ல செய்தி.

கடைசியாக உள்ளாட்சித் தலைவர்களுக்கு. எல்லாக் குக்கிராமத்துக்கும் ஜீப் பாதை தேவையில்லை. உங்கள் நாடு ஆயிரக்கணக்கான தொங்குபாலங்களைக் கட்டியிருக்கிறது. நடந்து அரை நாள் சுற்றுவதை அவை சில நிமிடமாக்கியிருக்கின்றன. மழையிலும் கடக்க முடிகிற ஒரு பாலமும், அதிலிருந்து நல்ல சாலை வரைக்கும் கல் பாவிய ஒரு நடைபாதையும், எட்டு மாதம் மட்டும் திறக்கும் மண்பாதையை விட நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் உதவும். டோசரை வாங்கிவிட்டோமே, அதற்கு வேலை வேண்டாமா என்று கேட்காதீர்கள். தூர்வாரவும் சரிந்த மண்ணை அள்ளவும் அதற்கு ஆயுள் முழுக்க வேலை இருக்கிறது.

அடுத்த ஜேஷ்ட 15 அன்று நிதியமைச்சர் எத்தனை கிலோமீட்டர் புதுச்சாலை என்று வாசிக்கத்தான் போகிறார். அதே பக்கத்தில், போன மழைக்காலத்தில் எந்தெந்தச் சாலை எத்தனை நாள் மூடிக்கிடந்தது என்ற பட்டியலையும் மாவட்ட வாரியாக வாசிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மலைச்சாலைப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவன்