குடியாத்தத்தில் இருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நேற்று ராத்திரி போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. படிப்பில் தடுமாறும் உன் பையனை உளவியல் பரிசோதனைக்கு வேலூர் பாகாயத்துக்குக் கூட்டி வா என்று நான் சொன்னதும் பின்னால் உன் பெண்டாட்டி அழுதது காதில் விழுந்தது. நம் பக்கத்தில் பாகாயம் என்றாலே மனநோய் ஆஸ்பத்திரி என்றுதான் பேச்சு. அவளைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அப்படி நடுங்கியவள்தான்.

என் பெரியவன் மூணாங்கிளாஸ் படிக்கும்போது, "சோம்பேறி, சொன்னதைச் செய்ய மாட்டான்" என்றார் டீச்சர். நம்பினேன். இரண்டு வருஷம் டியூஷன், திட்டு, சில நாள் அடி. அந்த அடிகள் இன்னும் எனக்கு உறுத்துகின்றன.

கடைசியில் மூன்று நாள் காலையில் அவனைப் பாகாயத்துக்குக் கூட்டிப் போய்ப் பரிசோதித்தோம். ஊசி இல்லை, மருந்து இல்லை. கட்டைகளை அடுக்குவது, கதை கேட்டுத் திருப்பிச் சொல்வது, வாசிப்பது, எழுதுவது. சிவப்பு வெள்ளைக் கட்டைகளை வைத்து உருவம் அமைப்பதில் அவன் வெகு வேகமாம். ஆனால் சொன்ன எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னால், இரண்டு எண்களுக்கு மேல் போகவில்லை. பரிசோதித்த உளவியலாளர் எனக்கு ஒன்றே ஒன்று சொன்னார்: "புக்கை எடு, 42ஆம் பக்கம் திருப்பு, மூணாவது கணக்கைப் போடுன்னா, புக்கை எடுக்கிறதுக்குள்ள மத்த ரெண்டும் இவனுக்கு மறந்துடும்மா." சோம்பேறித்தனம் என்று நாங்கள் பெயர் வைத்தது அதற்குத்தான். அங்கேயே அழுதுவிட்டேன்.

உன் பையனுக்கும் இதே சிக்கல் என்று நான் சொல்லவில்லை. பொங்கலுக்கு வந்தபோது அவன் நோட்டைப் பார்த்தேன். ஒரே பக்கத்தில் பழம், பளம், பலம். 'கொடி'யில் கொம்பைக் காணோம், 'காடி' என்று நிற்கிறது. அதே பிள்ளை உன் கடையில் 350 ரூபாய்க் கைலிக்கு 500 கொடுத்தால் மீதியை வாயாலேயே சொல்லிவிடுகிறான். எது வருகிறது, எது எங்கே தடுக்கிறது என்று பார்த்துச் சொல்லத்தான் இந்தப் பரிசோதனை.

முதலில் கண்ணையும் காதையும் காட்டிவிடு. அது சரியாக இருக்கிறதா என்று தெரியாமல் மற்றதைப் பார்த்துப் பயனில்லை. வீட்டில் தமிழ், ஸ்கூலில் இங்கிலீஷ் மீடியம் என்பதை மறக்காமல் சொல். இங்கிலீஷில் மட்டும் கேட்டால், பாஷை தெரியாததை அறிவுக் குறைவாக எடுத்துக்கொள்ள இடம் உண்டு. பிறந்தபோது எடை எவ்வளவு, வலிப்பு வந்ததா, எப்போது பேச்சு வந்தது, எல்லாம் கேட்பார்கள். அம்மாவிடம் கேட்டு எழுதிக்கொள். ஐ.க்யூ. என்கிற அறிவுத்திறன் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாதே, உட்கார்ந்து விளக்கம் கேள். பையனிடம் 'பரீட்சை' என்று சொல்லாதே, வயிறு நிறைய இட்லி கொடுத்துக் கூட்டி வா.

மாற்றுத்திறனாளி என்று சான்றிதழ் வாங்கினால் நாலு பேருக்குத் தெரியுமே என்றாய். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உள்ள 21 வகைகளில், வாசிக்க, எழுத, கணக்குப் போடத் தடுமாற வைக்கும் கற்றல் குறைபாடும் ஒன்று. அப்படி இருப்பது உறுதியானால், பத்தாவது பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் என்று சலுகைகள் உண்டு. அது பிச்சை இல்லை தம்பி, அவன் உரிமை.

கங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்த வாரமே வாருங்கள், ஸ்கூல் திறப்பதற்குள் முடித்துவிடலாம். காட்பாடியில் இறங்கு, நானும் கூட வருகிறேன். அந்தப் பழைய நோட்டுகளை எல்லாம் எடுத்து வா. சிவப்பு மை நிறைந்ததையும்தான். அசிங்கம் என்று கிழித்துப் போட்டுவிடாதே.

உன் அக்கா