அத்தைக்கு, கோசோவிலிருந்து திரும்பிய பிறகு

அன்புள்ள அத்தை,

மால்டாவிலிருந்து வீடு வந்து சேர்ந்து ஐந்து நாள் ஆகிறது. பையை உதறினால் இன்னும் மணல் கொட்டுகிறது. மால்டா நாட்டைச் சேர்ந்த கோசோ தீவில் ராம்லா என்றொரு கடற்கரை, அந்த மணல். செங்கல்லைப் பொடித்த நிறம்.

தினமும் சாயங்காலம் போனில் பேசினோமே, இன்னும் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் உங்களிடம் ஒரு பொய் சொல்லிவிட்டேன் அத்தை. மூன்றாம் நாள் ராத்திரி, வழக்கம்போல "எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டீங்களா?" என்று கேட்டீர்கள். "சாப்பிட்டோம் அத்தை" என்றேன். சாப்பிடவில்லை. பெரியண்ணன் மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். தம்பி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காரை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டான். நானும் அக்காவும் முற்றத்துக் கிணற்றடியில் ஆளுக்கொரு ரொட்டித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். லண்டன், டொராண்டோ, சிங்கப்பூர், மெல்போர்ன் என்று நாலு திசையிலிருந்தும் பதினான்கு பேர் வந்து சேர்ந்து, மூன்றாம் நாளே இப்படி.

இதை எல்லோரும் படிக்கும் இடத்தில் எழுதுவதற்கும் ஒரு காரணம் உண்டு. "நான் எதுக்கு, நீங்க போய்ட்டு வாங்க" என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடும் அத்தைகள் வேறு குடும்பங்களிலும் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

சண்டை என்னவோ மறுநாள் யார் கார் ஓட்டுவது என்பதில்தான் தொடங்கியது. ஆனால் உங்களுக்குத் தெரியும், அது காரைப் பற்றியது இல்லை. அப்பாவின் கடைசி வாரத்தில் பெரியண்ணன் வந்து சேர இரண்டு நாள் தாமதமானது, அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பி சொன்ன அந்த ஒரு வார்த்தை, அதற்கப்புறம் இருவரும் நேரில் பார்க்காமலே போன வருடங்கள். எல்லாம் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் ஒன்றும் பேசியிருக்க மாட்டீர்கள். தட்டை எடுத்து இருவர் முன்னாலும் வைத்துவிட்டு நின்றிருப்பீர்கள். அதைச் செய்ய எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

நான்காம் நாள் வடமேற்குக் காற்று. கொமினோ தீவுக்குப் படகு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைகள் பகல் முழுவதும் அந்தக் கிணற்றைச் சுற்றியே கிடந்தார்கள். மால்டாவில் ஆறும் இல்லை, ஏரியும் இல்லை. அதனால் பழைய வீடுகளில் மொட்டைமாடி மழைநீரை வீட்டுக்கடியில் பாறையைக் குடைந்த கிணற்றில் சேர்த்துவைப்பார்கள். இன்று குழாயில் வரும் தண்ணீரில் பாதிக்கு மேல் கடல்நீரைச் சுத்திகரித்து எடுத்ததுதான். தண்ணீருக்கு அவர்கள் மொழியில் 'இல்மா'. மால்டா மொழி அரபு வழியில் பிறந்தது, எழுதுவது மட்டும் லத்தீன் எழுத்தில். பக்கத்து வீட்டு அம்மா தன் பேரனை "எய்யா!" என்று கூப்பிடுவார். 'வா' என்று அர்த்தமாம். நம் பிள்ளைகளுக்கு அது 'ஐயா' என்றுதான் கேட்டது. ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஐந்தாம் நாள் காற்று அடங்கியது. காலையில் பெரியண்ணன் கீழே இறங்கி வந்து, யாரையும் பார்க்காமல், "த்வெய்ராவுக்குப் போலாம்" என்றார்.

உங்கள் கூடத்தில் கடிகாரத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறீர்களே, அப்பா கடலோரப் பாறையில் கைகட்டிக்கொண்டு நிற்கும் படம், அந்த இடம். 2011-இல் பெரியண்ணன் மால்டாவில் வேலையில் இருந்தபோது எடுத்தது. அப்பாவுக்குப் பின்னால் பெரிய கல் வளைவு தெரியும், உள்ளே நீலமாகக் கடல். அஸூர் விண்டோ என்பார்கள். கிட்டத்தட்ட 28 மீட்டர் உயரம். 2017 மார்ச் 8 காலை, புயலில் அது மொத்தமாகக் கடலுக்குள் விழுந்துவிட்டது. அப்பா டிவியில் பார்த்துவிட்டு முதலில் உங்களைத்தான் கூப்பிட்டார் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

போய் நின்றோம். ஒன்றும் இல்லை. வலது பக்கம் செங்குத்துப் பாறைச்சுவர், அதற்கப்புறம் வெறும் கடல். வளைவைத் தாங்கி நின்ற தூண்கூட மிச்சமில்லை. பெரியண்ணன் போனில் அந்தப் படத்தை எடுத்து, கையை நீட்டிப் பிடித்து, பாறைச்சுவரோடு பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா எங்கே நின்றார் என்று தேடுகிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அந்தப் பாறை சமதளம் இல்லை அத்தை. உப்பு அரித்து ஊசிஊசியாக இருக்கும், செருப்பைத் தாண்டிக் குத்தும். இடையிடையே கல்லுக்குள்ளேயே பதிந்த வட்டமான ஓடுகள், கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் கடலுக்கடியில் கிடந்த உயிர்கள். தம்பி அதன்மேல் நடந்து போய் ஓர் இடத்தில் நின்றான். யாரும் சொல்லவில்லை. பெரியண்ணன் போனையும் அவனையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அப்புறம் அன்றைக்குத்தான் முதல்முதலாக அவனிடம் பேசினார்.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம்."

அவன் நகர்ந்தான்.

"ரொம்பப் போய்ட்ட. அரை அடி பின்னால வா. அப்பா பின்னால விரிசல் ஒண்ணு தெரியுது பாரு, செருப்புக்குப் பக்கத்துல. அது உனக்குத் தெரியுதா?"

தம்பி குனிந்து தேடினான். முட்டி போட்டு, விரலால் தடவித் தேடினான். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். பிள்ளைகள்கூட சத்தம் போடவில்லை. "இருக்கு அண்ணா" என்றான். குரல் உடைந்துவிட்டது. பெரியண்ணன் போய் அவன் பக்கத்தில் நின்று, அவரும் குனிந்து அந்த விரிசலைத் தொட்டுப் பார்த்தார். பழைய விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, மன்னிப்பும் கேட்டுக்கொள்ளவில்லை. திரும்பும்போது தம்பி காரோட்டினான், அண்ணன் முன் இருக்கையில் உட்கார்ந்து வழி சொன்னார். அன்று ராத்திரி நீங்கள் கேட்டபோது "சாப்பிட்டோம்" என்றது நிஜம்.

சரி, இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வருடம் செப்டம்பரில் மறுபடியும் அங்கேதான் போகிறோம், நீங்களும் வருகிறீர்கள். முட்டிவலி என்பீர்கள். கோசோ முழுவதும் 14 கிலோமீட்டர் நீளம், 7 கிலோமீட்டர் அகலம், எங்கே போனாலும் கார் உண்டு. வீட்டில் கீழ்த்தளத்தில் ஓர் அறை இருக்கிறது. மால்டாவின் பெரிய தீவிலிருந்து கோசோவுக்குக் கப்பல் 25 நிமிடம், காரோடு ஏறிவிடலாம். போகும்போது டிக்கெட் கேட்பதில்லை, திரும்பி வரும்போது கோசோவின் இம்ஜார் துறைமுகத்தில்தான் காசு வாங்குகிறார்கள். இது உங்களுக்குப் பிடிக்கும். தலைநகர் வலேட்டாவில் படியேற வேண்டியதில்லை; துறைமுகத்திலிருந்து மேலே இருக்கும் தோட்டத்துக்கு 58 மீட்டர் லிஃப்டே தூக்கிவிடும். அங்கே நடுப்பகலில் பீரங்கி வெடிப்பார்கள். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பயந்துவிடாதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றி யோசிக்க வேண்டாம். ஃப்தீரா என்று தட்டையான ரொட்டி, அதில் தக்காளியைத் தேய்த்து, ஆலிவ் எண்ணெய் விட்டு, கேப்பர் மொட்டு தூவித் தருவார்கள். மீனும் சேர்ப்பார்கள், வேண்டாம் என்றால் வைக்க மாட்டார்கள். கடைகளில் இங்கிலீஷ் பேசுகிறார்கள், உங்களுக்கு அது போதும்.

எங்களுக்கு விசா தேவைப்படவில்லை, உங்களுக்கு ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா, வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலேயே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். 'எனக்காக எவ்வளவு செலவு' என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். எங்கள் நாலு பேரையும் வளர்த்தபோது நீங்கள் கணக்கு எழுதவில்லை.

அந்த விரிசல் இருக்கும் இடத்துக்குக் கார் நிறுத்துமிடத்திலிருந்து கொஞ்ச தூரம் கரடுமுரடாகத்தான் இருக்கும். இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டால் போய்விடலாம். யார் யார் பிடிப்பது என்று முடிவாகிவிட்டது.

பாஸ்போர்ட் பீரோவில்தானே இருக்கிறது? எடுத்து, எந்தத் தேதி வரை செல்லும் என்று பார்த்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி கூப்பிடுவான். பெரியண்ணனும் அதே அழைப்பில் இருப்பார்.

உங்கள் அன்பு மகள்